பூத்தும் காய்க்காத தக்காளி: செடிக்குள் எங்கே தடை?

மொட்டை மாடியில் நான்கு குரோ பேக் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை வரும். நாற்று நன்றாகப் பிடித்தது, செடி இடுப்பளவு வளர்ந்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பூவெல்லாம் பையைச் சுற்றிக் கீழே கிடக்கிறது. செடியில் ஒரு பிஞ்சுகூட இல்லை.

உடனே ஆலோசனைகள் வந்து சேரும். புளித்த மோர் தெளியுங்கள், முட்டை ஓடு போடுங்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுங்கள், எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் கலந்து விடுங்கள், கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுங்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: செடிக்குப் பசி, அதனால்தான் காய்க்கவில்லை. இந்த எண்ணம்தான் பெரும்பாலும் தப்பாகிறது. தளதளவென்று வளர்ந்து பூவும் விட்ட செடிக்குப் பசி பெரிய பிரச்சினையாக இருப்பது அரிது. பல வீடுகளில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. காய்க்கவில்லையே என்று உரம் போடுகிறோம், அந்த உரமே காய்ப்பை இன்னும் தள்ளிப்போடுகிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் உரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் பூவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது புரிந்துவிட்டால், உங்கள் செடியில் என்ன கோளாறு என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தப் படியில் நின்றது?

மோட்டார் போட்டும் மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வோம்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் இழுக்கிறதா, குழாய் எங்காவது ஒழுகுகிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். எடுத்த எடுப்பில் தொட்டியை மாற்ற மாட்டோம்.

தக்காளிக்கும் அதே வரிசைதான். முதலில் பூ வர வேண்டும். பூவில் நல்ல மகரந்தம் உருவாக வேண்டும். அந்த மகரந்தம் சரியான இடத்தில் விழுந்து கரு உண்டாக வேண்டும். பிறகு பிஞ்சு பெருத்துக் காயாக வேண்டும். 'காய்க்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன. பூவே வராத செடிக்கும், பூ கொட்டும் செடிக்கும், காய் அடியில் கறுத்துப் போகும் செடிக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கரைசலை ஊற்றுவதால்தான் குழப்பம்.

இவற்றில் அதிகம் கேட்கப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, பூ கொட்டுவது. அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

பூவுக்குள் ஒரு மிளகுத்தூள் டப்பா

பூசணி, பாகல், புடலை வளர்த்தவர்களுக்கு ஆண் பூ, பெண் பூ பழக்கம். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிக் காய் பிடிக்க வைத்திருப்பார்கள். அதே பழக்கத்தில் தக்காளியிலும் பெண் பூவைத் தேடுகிறவர்கள் உண்டு. தக்காளியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் இருக்கின்றன. ஒரே ஒரு செடி வைத்திருந்தாலும் காய்க்கும்.

ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்பக்கமாக மடங்கியிருக்கும். நடுவில் கூம்பு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூம்பு, மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் உண்டானது. மகரந்தம் என்பது ஆண் அணுவைச் சுமக்கும் நுண்ணிய தூள். கூம்பை நகத்தால் கீறிப் பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு தண்டு தெரியும். அதன் நுனிதான் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் இடம். தண்டின் அடியில் கடுகு போல உருண்டையாக இருப்பது சூலகம். நாம் சாப்பிடும் தக்காளி அந்தக் கடுகு பெருத்ததுதான்.

மகரந்தத் தூள் கூம்பின் உட்பக்கத்தில் இருக்கிறது. சூல்முடியும் உள்ளேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் தூள் தானாக முழுதாக வெளியே வராது. மிளகுத்தூள் டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் போதாது, இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் அல்லவா? தக்காளிப் பூவுக்கும் அந்த அதிர்வு வேண்டும்.

தோட்டத்தில் அதிர்வைக் கொடுப்பது காற்றும் சில வகை வண்டுகளும். பட்ட மரத்தையும் மூங்கிலையும் குடைந்து குடியிருக்குமே, கருநீலமாக மின்னும் பெரிய வண்டு, அதுவும் தேனீ இனம்தான். அது பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், உடம்பை மட்டும் உர்ரென்று அதிர வைக்கும். தூள் பொலபொலவென்று கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட சிறு தேனீ ஒன்றும் இதைச் செய்யும். நமக்குத் தேன் கொடுக்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. அதோடு தக்காளிப் பூவில் தேனும் கிடையாது. 'தேனீப் பெட்டி வைத்தால் தக்காளி காய்க்குமா' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஐரோப்பாவின் கண்ணாடிக் கூடங்களில் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. அங்கே வேலையாட்கள் அதிரும் கருவி ஒன்றைக் கையில் பிடித்து, ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். 1980-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தில் பம்பிள் என்ற கொழுத்த தேனீயைப் பெட்டிகளில் வளர்த்து விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வேலை குறைந்தது. அதிர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். திறந்த மொட்டை மாடியில் காற்று நன்றாக அடிக்கும். அங்கே இது பெரிய குறையாக இருக்காது. கம்பிக்குள் கொசுவலை அடித்த பால்கனியில் இருக்கும் செடிக்கு இது உண்மையான குறை. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள், பனி ஈரம் காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் டூத்பிரஷ் இருந்தால் அதன் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு விநாடி வைத்தால் போதும். பூவைத் தொட வேண்டாம், காம்புதான். ஒரு பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலும் சரி.

கறுப்புத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு சுண்டினால், வெளிறிய மஞ்சள் தூள் விழுவது கண்ணுக்கே தெரியும். தூள் விழுந்தால் டப்பா காலியில்லை என்று அர்த்தம். பல நாள், பல பூக்களில் ஒன்றுமே விழவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை. அதற்குக் காரணம் வேறு. அதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தக்காளிப் பூ தன்னையே கருவுறச் செய்துகொள்ளும், ஆனால் யாராவது அதைக் கொஞ்சம் ஆட்டிவிட வேண்டும்.

காம்பில் இருக்கும் முட்டி

பூ ஏன் கொட்டுகிறது? வாடி விழுவதாக நினைக்கிறோம். உண்மையில் செடி அதைக் கழற்றி விடுகிறது.

பூக்காம்பின் நடுவில் விரல் முட்டி போல ஒரு சிறு புடைப்பு இருக்கும். கடையில் வாங்கும் தக்காளியின் காம்பிலும் அதைப் பார்க்கலாம். காயைப் பறிக்கும்போது டக்கென்று உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கீழே கிடக்கும் பூவை எடுத்துப் பாருங்கள். காம்பு கண்ட இடத்தில் ஒடிந்திருக்காது. அந்த முட்டியில், கத்தியால் வெட்டியது போலப் பிரிந்திருக்கும்.

அந்த முட்டி ஒரு கதவு. அதைத் திறக்காமல் வைத்திருப்பது ஆக்சின், அதாவது செடி தனக்குள் தயாரிக்கும் வளர்ச்சிச் சாறு. பூவிலிருந்து ஆக்சின் காம்பு வழியாகக் கீழே வந்துகொண்டே இருக்கும் வரை கதவு மூடியே இருக்கும். பூ கருவுற்றால், உள்ளே உருவாகும் விதைகள் ஆக்சினைத் தொடர்ந்து அனுப்பும். கருவுறாவிட்டால் வரத்து நின்றுபோகும். அப்போது எத்திலீன் என்ற வாயு கை ஓங்குகிறது. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைப்போமே, அங்கே வேலை செய்வதும் இதே எத்திலீன்தான். முட்டியில் உள்ள திசுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையை அது கரைக்க வைக்கிறது. பூ விழுகிறது.

இதில் செடியின் பக்கம் நியாயம் இருக்கிறது. விதை இல்லாத காயை வளர்ப்பது அதற்கு நட்டம். மாமரம் பூத்துக் குலுங்கி, அதில் மிகச் சொற்பமே காயாவதைப் பார்த்து நாம் பதறுவதில்லை. தக்காளியிலும் கொத்துக்கு ஏழெட்டுப் பூவில் இரண்டு மூன்று விழுந்தால் அது இயல்பு. முழுக் கொத்தும் விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பூ உதிர்வதைத் தடுப்பதாகக் கடையில் விற்கும் சில மருந்துகளில் இருப்பது செயற்கை ஆக்சின். விதை அனுப்ப வேண்டியதை நாம் தெளித்துக் கதவை மூடி வைக்கிறோம். காய் நிற்கும், ஆனால் விதை குறைந்து, உள்ளே பொந்து விழுந்து, கோணலாக வளரலாம். அளவு கொஞ்சம் கூடினாலும் இலை சுருண்டுவிடும். நான்கு பைக்கு இது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

சுருக்கமாக: விழுந்த பூ பசியால் விழவில்லை. கரு உண்டாகவில்லை என்ற செய்தி முட்டிக்குப் போனதால் விழுந்தது. இனிக் கேள்வி ஒன்றுதான்: கரு ஏன் உண்டாகவில்லை?

ராத்திரிச் சூடு

ஆட்டியும் தட்டியும் பலனில்லை என்றால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான் விழ வேண்டும். அதிலும் பகல் வெயிலைவிட இரவுச் சூட்டின் மேல்.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மேற்கு ஓரம், ஆண்டிஸ் மலைச் சரிவுகள். பகலில் வெயில், ராத்திரியில் குளிர் என்று பழகிய செடி. 1944-ல் கலிபோர்னியாவில் பிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறைகளில் தக்காளியை வளர்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டார். செடி வளர்வது ஒரு கணக்கு, காய் பிடிப்பது வேறு கணக்கு. காய் பிடிப்பதை முடிவு செய்வது பெரிதும் இரவு வெப்பநிலை. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இரவு இருந்தபோதுதான் காய் நன்றாகப் பிடித்தது. நாம் மேலே பார்த்த ஆக்சினை 1920-களில் செடியிலிருந்து பிரித்துக் காட்டியவரும் இவரே.

பிறகு வந்த ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. இரவு 21 டிகிரியைத் தாண்டத் தாண்டக் காய்ப்பு குறைகிறது. பகல் 32, 35 என்று ஏறினால் இன்னும் மோசம். ரகத்துக்கு ரகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும்.

இப்போது சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 21 டிகிரி. அதாவது நமக்குக் கிடைக்கும் நல்ல மாதமே எல்லைக்கோட்டில் இருக்கிறது. மே மாதத்தில் அது 27, 28 டிகிரி. பகலில் 37-ஐத் தாண்டும். அதோடு மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தரைத் தோட்டத்தைவிட மாடியில் செடி சூடான இரவைத்தான் பார்க்கிறது. மே மாதம் சென்னை மாடியில் தக்காளி காய்க்கவில்லை என்றால் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெயில் காலத்தில் சந்தைக்குத் தக்காளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே இது புரியும். மதனப்பள்ளி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 700 மீட்டர். கோலார் 800-க்கு மேல். ஓசூர் கிட்டத்தட்ட 900. உயரம் கூடினால் இரவு குளிரும். அந்தக் குளிர் இரவுதான் லாரியில் ஏறி நம் கோயம்பேட்டுக்கு வருகிறது.

சூடு அப்படி என்னதான் செய்கிறது? மூன்று விதமாகக் கெடுக்கிறது. பகலில் இலைகள் சர்க்கரை தயாரிக்கின்றன, இரவில் செடி மூச்சுவிட அதைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் மூச்சு வேகமாகும், செலவு கூடும், மகரந்தப் பைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சர்க்கரை குறையும். இது முதலாவது. இரண்டாவது, சூட்டில் உருவாகும் மகரந்தத்தில் பெரும்பகுதி உயிரற்ற வெறும் தூளாகிவிடும், சில சமயம் தூளே வெளிவராது. மூன்றாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில ரகங்களில் சூட்டினால் பெண் தண்டு நீண்டு, சூல்முடி கூம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். டப்பாவுக்கு வெளியே போன சூல்முடியில் தூள் விழாது. உங்கள் பூவின் கூம்பு நுனியில் பச்சையாக ஊசி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். காலையில் தயிர் சரியாக உறையவில்லை என்றால் தப்பு நடந்தது காலையில் அல்ல, முந்தின இரவு. மகரந்தமும் அப்படித்தான். பூ விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மொட்டாக இருக்கும்போதே, மகரந்தம் உருவாகத் தொடங்குகிறது. சூட்டை அது தாங்காத நாட்களும் அவைதான். இன்று வானம் மூடி, இதமாக இருக்கலாம். ஆனால் இன்று விரிந்த பூ, போன வாரத்துப் புழுக்கத்தில் உறைந்த தயிர்.

அதனால்தான் வெப்பம் தணிந்த மறுநாளே காய் பிடிப்பதில்லை. அதனால்தான் கரைசல்களுக்குப் பெயரும் கிடைத்துவிடுகிறது. பூ கொட்டுகிறதே என்று மோர் தெளிக்கிறோம். பத்து நாளில், இடையில் பெய்த கோடை மழையால் குளிர்ந்த இரவுகளில் உருவான மொட்டுகள் விரிந்து காய் பிடிக்கின்றன. பெயர் மோருக்குப் போகிறது. மோர் தெளிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. உயிரில்லாத மகரந்தத்துக்கு அது உயிர் கொடுக்காது என்றுதான் சொல்கிறேன்.

வெயிலில் நிழல்வலை கட்டினால் பகல் சூடு ஓரளவு குறையும். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டின் மேலோ வைத்தால் வேர் வேகாது. மாலையில் தளத்தை நனைத்துவிட்டால் இரவுக் கொதிப்பு கொஞ்சம் தணியும். இவையெல்லாம் செடியைப் பிழைக்க வைக்கும். 28 டிகிரி இரவை 20 ஆக்காது. உண்மையான தீர்வு காலண்டரில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மழைக்காலத்து உப்பு

ஐப்பசி மழையில் உப்பு டப்பாவைக் கவிழ்த்தால் உப்பு வருமா? ஈரத்தில் கட்டிதட்டிப் போயிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தமும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்புறமாக, அனல் காற்றில் காற்று மிகவும் வறண்டால் தூள் சூல்முடியில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். அடைமழை வாரங்களில் பூ கொட்டினால் செய்வதற்கு அதிகம் இல்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் காலை நேரத்தில் காம்பைச் சுண்டிவிடுங்கள், அவ்வளவுதான். பூவின் மேல் தண்ணீர் தெளிப்பதையும் அந்த நாட்களில் நிறுத்துங்கள்.

பூவே வரவில்லை என்றால்

இப்போது உரத்துக்கு வரலாம். செடி கரும்பச்சையாக, தண்டு தடித்து, இலை அடர்ந்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை. இங்கேதான் உரம் நேரடிக் குற்றவாளி.

செடிக்குப் பெரிய அளவில் தேவைப்படும் சத்து மூன்று. தழைச்சத்து இலையும் தண்டும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் துணை. சாம்பல்சத்து காயின் பருமனுக்கும் சுவைக்கும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து மட்டும் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இருக்கிறது, மற்ற இரண்டும் மிகக் குறைவு. மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலமும் தழைச்சத்தைத்தான் தூக்கிக் கொடுக்கும். இவற்றை வாரா வாரம் ஊற்றினால் செடிக்கு வரும் செய்தி, 'இன்னும் வளர், இன்னும் இலை விடு' என்பது. விதை வைக்க வேண்டிய அவசரமே அதற்கு இல்லை. இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டாலும் நல்லது என்று நினைக்காதீர்கள். தழைச்சத்து எந்தப் பாத்திரத்தில் வந்தாலும் தழைச்சத்துதான்.

மண் கலவையில் மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மூன்றில் ஒரு பங்கு இருந்தால், நட்ட முதல் மாதத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது. முதல் மொட்டு தெரிந்த பிறகு புண்ணாக்கை நிறுத்திவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பலும் போட்டால் போதும். சாம்பல் மண்ணின் காரத்தை ஏற்றும், அதனால் அளவு கூடக் கூடாது.

தழைச்சத்து காரணம் இல்லை என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். நேர் வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பூ குறையும். பக்கத்து அடுக்குமாடி நிழல் விழும் மாடிகளில் இது சகஜம். அப்புறம் பை. ஒரு செடிக்கு ஒரு பை, குறைந்தது ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம். ஒரே பையில் மூன்று நாற்று நட்டால் மூன்றும் உயிர் வாழும், ஒன்றும் காய்க்காது.

இலை சுருண்டு செடி குறுகினால்

இது ஒன்றில் மட்டும் நான் இரக்கம் காட்டச் சொல்ல மாட்டேன். நுனி இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, செடி கொத்துக் கொத்தாகக் குட்டையாக நின்றால் அது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. இலையைத் தட்டினால் வெள்ளைப் பொடி பறப்பது போலச் சின்னச் சின்னதாகப் பறக்குமே, அதுதான். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. பூ வந்தாலும் காய் தங்காது. வேரோடு பிடுங்கி, மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். வைத்திருந்தால் பக்கத்துச் செடிகளுக்கும் போகும். மிளகாயிலும் இலை சுருளும் என்பதால் இரண்டையும் ஒட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

கடும் வெயிலில் அடி இலைகள் மட்டும் குழாய் போலச் சுருளும், ஆனால் நிறமும் அளவும் மாறாமல் நுனி நன்றாக இருக்கும். அது வைரஸ் இல்லை, செடி தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

காய் அடியில் கறுத்தால்

காய் பிடித்துவிட்டது, பாதி வளர்ந்ததும் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போலக் காய்கிறது. எல்லோரும் சொல்வது சுண்ணாம்புச்சத்துக் குறைவு, முட்டை ஓடு போடு. பாதி உண்மை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்பது சரி. மண்ணில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் தப்பு.

சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். இலைகள் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால், உறிஞ்சும் தண்ணீரின் பெரும்பங்கு அங்கே போகும். காய் அதிகம் ஆவி விடாது, அதனால் அதற்குக் கடைசிப் பந்தி. தண்ணீர் ஒருநாள் அதிகமாகவும் இரண்டு நாள் காய்ச்சலாகவும் கிடைத்தால் அந்தக் கடைசிப் பந்திக்கு எதுவும் மிஞ்சாது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும், இந்தக் காயைக் காப்பாற்றாது. ஒரே அளவாக, ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதும், பையின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பி மூடாக்குப் போடுவதும்தான் மருந்து. புண்ணாக்கு அதிகமானாலும் இது வரும், இலைக் கூட்டம் பெருத்துப் பங்கு இன்னும் குறைவதால்.

காலண்டரை மாற்றுங்கள்

பூ விரியும் வாரங்கள் குளிர்ந்த இரவுகளில் விழ வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதை போடும் நாள் வந்துவிடும். விதை போட்டு நாற்றாக 25, 30 நாள், நட்டு முதல் பூ வர இன்னும் ஒரு மாதம். சென்னையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பூக்க வேண்டும் என்றால், அக்டோபர் நடுவில் மழை படாத இடத்தில் விதை போட்டு, நவம்பர் நடுவில் நட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு பறிக்கலாம். பலர் பொங்கல் முடிந்து, மழை விட்டுவிட்டதே என்று ஜனவரி கடைசியில் விதை போடுகிறார்கள். அந்தச் செடி பூப்பது ஏப்ரலில்.

ரகமும் உதவும். பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1, அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. குட்டையாக நிற்கும், பைக்கு ஏற்றது. வைரஸ் தொல்லை உள்ள இடத்தில், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்க்கா ரக்ஷக் இலைச்சுருட்டைத் தாங்கும். கொத்தாகக் காய்க்கும் செர்ரித் தக்காளிகள் பெரிய காய் ரகங்களைவிடச் சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காய் பிடிக்கும். மார்ச்சில் ஆசைப்படுகிறவர்கள் அதை வையுங்கள்.

ஏற்கெனவே ஏப்ரலில் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான செடி இருந்தால், அதற்கு உரம் போட்டு விரட்டாதீர்கள். நிழல்வலைக்குள் தள்ளி, தண்ணீர் மட்டும் ஒழுங்காக விட்டுவாருங்கள். செடி ஆடி, ஆவணி தாண்டிவிட்டால், இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளில் சுருட்டு நோய் இல்லாத ஒன்றை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் நிழலில் வையுங்கள். பத்து நாளுக்குள் வெள்ளையாக வேர் விடும். அதைச் சின்னத் தொட்டியில் நட்டுவைத்தால், நவம்பரில் பைக்கு மாற்ற நாற்று தயார்.